புதுப்பிப்பு: செஸ்ஸை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேனே

தொடர்ந்து தோற்கிறேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன் இல்லையா, செஸ்ஸை விடவில்லை. பதில் எழுதிய ஒரு அண்ணன் சொன்னபடி 2024-ல் நம் சிங்கப்பூரின் செந்தோசாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி ஆட்டங்களைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்தேன். 18 வயது குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார், 11-வதில் ஜெயித்து முன்னிலைக்கு வந்தவர் அடுத்ததிலேயே எதிராளி டிங் லிரெனிடம் மறுபடி தோற்றார், அப்புறமும் டிராவாகும் என்று பலரும் நினைத்த 14-வது ஆட்டத்தில் ஒரே ஒரு சிப்பாய் கூடுதலை நம்பி விடாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார், டிங் 55-வது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார், ஆட்டமும் பட்டமும் குகேஷுக்கு. எனக்கு அது போதும்.

இப்போது தோற்றால், வீட்டுக்குப் போகும் எம்ஆர்டி ரயிலிலேயே ஆட்டம் எங்கே கைவிட்டுப் போனது என்று தேடுகிறேன், பரிதாபப்பட நேரம் இருப்பதில்லை. ஞாயிறு மாலை சமூக மன்றத்தில் இருப்பேன், வாருங்கள், ஒரு ஆட்டம் போடலாம்.