ஆகஸ்டில் லண்டன் வருபவர்களுக்கு: தேம்ஸ் கரையிலிருந்து ஒரு குளத்தடிக்கு

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

முழங்கால் நோவுள்ள அம்மாவையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி கேட்டிருந்தார். ஆளாளுக்கு ரிச்மண்ட் பார்க் என்று பதில் போட்டிருக்கிறீர்கள். நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஏற்றம் இறக்கம் அதிகம், ரயிலால் இறங்கிப் பிறகு பஸ்ஸும் பிடிக்கவேண்டும். அம்மாவுக்கு அது சரிவராது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் புஷி பார்க்குக்குப் போங்கள். நிலம் ஒரே மட்டம். தள்ளுவண்டிலும் போகும், ஊன்றுகோலும் போகும்.

வோட்டர்லூவில் ஏறினால் விம்பிள்டன், சர்பிட்டன் வழியாக ஹாம்ப்டன் கோர்ட். அதுதான் கடைசி நிலையம், கதைத்துக்கொண்டிருந்து இறங்க மறந்தாலும் பயமில்லை. ஹீத்ரோ பக்கம் தங்குபவர்களுக்கு 111ஆம் இலக்க பஸ் இருக்கிறது. நிலையத்துக்கு வெளியே வந்தவுடன் தேம்ஸ் ஆறு. பாலத்தைக் கடந்தால் வலப்பக்கம் எட்டாம் ஹென்றியின் அரண்மனை. உள்ளே போக ரிக்கற் எடுக்கவேண்டும், விலையும் லேசில்லை. அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, மதிலோரமாக நடந்து றோட்டைக் கடந்தால் பூங்கா வாசல். நின்று நின்று போனாலும் நிலையத்திலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் குளத்தடிக்கு முக்கால் மணி நேரம் போதும்.

வாசலுக்குள் நேரே போவது செஸ்ட்நட் அவெனியூ. சென்ட் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் வகுத்த சாலை அது. ஆகஸ்டில் அங்குள்ள செஸ்ட்நட் மரங்களின் இலைகள் கருகினமாதிரித் தெரியும். மரம் சாகவில்லை. ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு இலைக்குள்ளேயே இருந்து தின்கிற வேலை அது. செப்டம்பரில் விழும் பளபளப்பான கொட்டைகளைப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். வாயில் வைக்க விடாதீர்கள், நஞ்சு. கொஞ்சத் தூரத்தில் வட்டத் தடாகத்தின் நடுவே டயானா சிலை. நம்மவர்கள் பலர் இளவரசி டயானா என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். இது டயானா என்ற ரோமத் தெய்வத்தின் பெயர் கொண்ட, முதலாம் சார்ள்ஸ் மன்னர் காலத்து வெண்கலச் சிலை, இங்கே கொண்டுவந்து வைத்தது 1713இல்.

அங்கே வலப்பக்கம் திரும்பினால் ஹெரன் பொண்ட் என்ற குளம். எனக்கு இந்த நடையில் ஆகப் பிடித்தது குளத்தைவிட அதற்குத் தண்ணீர் வருகிற வழிதான். பக்கத்தில் தேம்ஸ் ஓடினாலும் இது தேம்ஸ் தண்ணீர் இல்லை. அரண்மனைக்குத் தண்ணீர் வேண்டுமென்று முதலாம் சார்ள்ஸ் 1638, 39இல் கோல்ன் ஆற்றிலிருந்து 19 கிலோமீற்றருக்கு ஒரு வாய்க்கால் வெட்டுவித்தார். அதற்கு லோங்ஃபோர்ட் ஆறு என்று பெயர். ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓரமாகத்தான் அது வருகிறது. ரொறன்ரோ விமானம் இறங்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்த தண்ணீரில்தான் உங்கள் பிள்ளைகள் தாரா பார்க்கப்போகிறார்கள். பூங்காவுக்குள் சில இடங்களில் ஒடுங்கி, தெளிந்து ஓடும். அடியில் பாசி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்தால்தான் ஓட்டம் இருப்பதே தெரியும். மாரியில் மட்டும் ஓடும் யாழ்ப்பாணத்து வழுக்கியாற்றைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, கோடையிலும் வற்றாத வாய்க்கால் என்றால் பொறாமை வராமல் இருக்குமா?

குளத்தில் அன்னம், தாரா, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு நீர்க்கோழி எல்லாம் உண்டு. பாண் துண்டு போடாதீர்கள். பறவைக்கும் கூடாது, தண்ணீரும் பழுதாகும். மான்களுக்கும் அதே கதைதான்: சாப்பாடு கொடுக்கக்கூடாது, 50 மீற்றராவது தள்ளி நிற்கவேண்டும். கிட்டப் படுத்திருக்கிற மான் ஆட்டுக்குட்டிபோல் சாதுவாகத் தெரியும், அதை நம்பிப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். செப்டம்பர் கடைசி, ஒக்டோபரில் கலைமான்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் காலம். அப்போது இன்னும் கவனம் வேண்டும். பார்பிக்யூவுக்கும் அனுமதி இல்லை. இறைச்சி வாட்டும் யோசனையோடு இருக்கும் ஹரோ தம்பிமார் கவனிக்கவும்.

வந்த வழியே திரும்ப விருப்பமில்லாதவர்கள் கிழக்கே ஹாம்ப்டன் விக் வாசலால் வெளியேறலாம். அங்கேயும் ரயில் நிலையம் உண்டு. அந்தப் பக்கம் போகும் பாதைக்குக் ‘கொப்லர்ஸ் வோக்’ என்று பெயர். சப்பாத்துத் தைக்கிற திமொதி பெனட் என்பவரின் பாதை அது. பூங்காவுக்குள்ளால் ஊர்ச்சனம் நடந்த வழியை, பொறுப்பிலிருந்த ஹலிஃபக்ஸ் பிரபு அடைத்துவிட்டார். பெனட் விடவில்லை. 1750களில், எழுபது வயது தாண்டிய நேரத்தில், வழக்குப் போடுவேன் என்று நின்றார். பிரபு இறங்கிவந்தார், வழி திறந்தது. ஹாம்ப்டன் விக்கில் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. வேலிச் சண்டையிலும் ஒழுங்கைச் சண்டையிலும் தேர்ந்த எங்கள் ஊராருக்கு அந்தக் கல்லைக் கட்டாயம் காட்டவேண்டும்!

சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம். 9 மணிக்கு பார்க்ரன் ஓட்டம், உலகம் முழுக்கப் பரவிய அந்த ஓட்டம் 2004இல் 13 பேருடன் தொடங்கியதே இங்கேதான். இப்போது அந்த நேரம் கார் விட இடம் கிடைக்காது. ஞாயிறு என்றால் 11 மணிக்கு முன்னம் வந்துவிடுங்கள். முதல் நாள் மழை பெய்திருந்தால் குளத்தைச் சுற்றிய புல்லுப்பக்கம் சேறாக இருக்கும், நல்ல சப்பாத்துப் போடுங்கள்.

தங்கச்சி, நீங்கள் நிற்கும் ஞாயிறு எது என்று எழுதுங்கள். மற்றவர்களும் வருவதென்றால் வீட்டுக்கு எத்தனை பேர் என்று இதிலேயே போடுங்கள். மீன் ரோல்ஸுக்கும் சீனிச்சம்பல் பாணுக்கும் நான் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணிப் போத்தல் அவரவர் கொண்டுவரவேண்டும்.