மார்ச்சில் தீர்த்தன் டிரவுட்: எந்த ஃபிளை கட்டுவது?

செவ்வாய்ப்பேட்டை தூண்டில்:
வணக்கங்க. மேட்டூர் அணையில் தக்கை கட்டி, மண்புழு கோத்துக் கெண்டை, ஜிலேபி பிடிக்கிற ஆள் நான். மார்ச் முதல் வாரம் மச்சானோடு இமாச்சலத் தீர்த்தன் ஆற்றுக்கு டிரவுட் என்ற குளிர்நீர் மீன் பிடிக்கப் போகிறோம். ஃபிளை, அதாவது இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியை வீச 5 வெயிட் ராடு வாங்கியாச்சு. நீர்மேல் மிதக்கும் ஃபிளையே போதும் என்கிறார் கடைக்காரர். சரிதானா? முதலில் ஏற்காடு ஏரியில் பழகலாமா?

எஸ்டேட் வாசி:
ஏற்காட்டில் டிரவுட் இல்லை தம்பி. மலையே 1,500 மீட்டர்தான். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அந்த மீன் திணறும். தமிழ்நாட்டில் பார்க்கவேண்டுமென்றால் நீலகிரி, அவலாஞ்சிப் பக்கம்.

அஸ்தம்பட்டி அண்ணாச்சி:
வீசிப் பழக மீன் எதற்கு? சேலம் மூக்கனேரிக் கரையில் முள் இல்லாமல் கம்பளி நூல் துணுக்கைக் கட்டி வீசுங்கள், போதும்.

கடைக்காரர் சொன்னது மே மாதப் பேச்சு. அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கத்துக்காகத் தடை. மார்ச் 1-இல்தான் திறப்பார்கள். மீன்வளத் துறை உரிமச் சீட்டை முதலில் வாங்கிவிடுங்கள். அப்போது தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். மீனுக்கு உடம்பு மந்தம், இரையைத் துரத்தாது. வேகமில்லாத ஆழத்தில், பாறை மறைவில் அடியோடு ஒட்டிக் கிடக்கும். அதன் மூக்குக்கு நேரே இரை போகணும். பித்தளை மணி வைத்த நிம்ஃப், அதாவது நீரில் மூழ்கிப் போகும் ஃபிளை, முள் 14 அல்லது 16 சைஸ். கொஞ்சம் மேலாற்றில் போட்டு, ஓட்டத்தோடு கல்லைத் தொட்டுத் தொட்டு வரவிடுங்கள். காலை 11-க்கு முன் போய் நடுங்கவேண்டாம்.

அப்புறம், மேட்டூர்ப் பழக்கம் ஒன்றை விட்டே ஆகணும். புழுவைக் கெண்டை விழுங்கும். தக்கை முழுகும்வரை காத்திருக்கலாம். ஃபிளை வெறும் இறகும் நூலும். டிரவுட் வாயில் வைத்ததும் துப்பிவிடும். மிதந்துவரும் தூண்டில் நரம்பு ஒரு நொடி தயங்கினாலே ராடைத் தூக்குங்கள். பத்தில் எட்டு தடவை கல்லில் தட்டியதாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

செவ்வாய்ப்பேட்டை தூண்டில்:
நன்றி அண்ணாச்சி. மச்சானுக்கு நீச்சல் தெரியாதுங்க, ஆற்றில் இறங்கலாமா?

அஸ்தம்பட்டி அண்ணாச்சி:
முழங்காலுக்கு மேல் விடாதீர்கள். கையில் ஊன்றுகோல் கொடுங்கள், கல்லெல்லாம் வழுக்கும். வெயில் ஏறினால் மேலே பனி உருகிச் சாயங்காலம் தண்ணீர் கூடும். காலையில் தாண்டிய இடத்தில் திரும்ப முடியாமல் போகலாம். சாலை இருக்கும் கரையிலேயே நில்லுங்கள்.