கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’

வேளச்சேரியிலிருந்து:
போன ஐப்பசி மழையில் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் ஆறு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நடுக்கத்தோடு சுரம், இடுப்புக்கு மேலே வலி. டாக்டர் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, எழுதினார். நான் செய்த கூத்து என்னவென்றால், வீட்டிலிருந்த ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்து, மழை டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் பையில் வைத்து எடுத்துப் போனதுதான். ‘பல கிருமிகள் கலந்துள்ளன, மறுபடி கொடுக்கவும்’ என்று ரிப்போர்ட் வந்தது. இரண்டு நாள் வீண்.

அடுத்த முறை லேப்பில் கொடுத்த டப்பாவிலேயே, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடித்தோம். ஈ.கோலை என்ற கிருமி, ஒரு மில்லிக்கு லட்சத்துக்கு மேல், கீழே ‘ஈஎஸ்பிஎல்’ (பல ஆன்டிபயாடிக்குகளை உடைத்துவிடும் நொதியைக் கிருமி சுரக்கிறது என்று அர்த்தம்). செஃபிக்ஸிம் ஆர், செஃப்ட்ரியாக்ஸோன் ஆர், சிப்ரோ ஆர். ஆர் என்றால் அந்த மருந்து எடுபடாது. நைட்ரோஃபுரான்டாயினுக்கு எஸ், அதாவது எடுபடும், என்றிருந்ததும், “மாத்திரையாகவே இது இருக்கே டாக்டர்” என்றேன். அது சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்குத்தானாம். சிறுநீரகம் வரை ஏறிவிட்டால் போதாதாம். தினமும் ஒரு எர்டாபெனம் ஊசி, ஏழு நாள். மூன்றாவது ஊசிக்கப்புறம் அம்மா ரசம் சாதம் கேட்டார்.

பெரம்பூரிலிருந்து, லேப் ஆள்:
“ரத்தப் பரிசோதனை சாயங்காலமே வருது, கல்ச்சருக்கு மட்டும் ஏன் மூணு நாள்?” என்று தினமும் யாராவது சண்டை போடுவார்கள். கிருமி வளர வேண்டாமா? முதல் நாள் சாம்பிளைக் கிருமி வளர்க்கும் தட்டில் கோடாக இழுக்கிறோம். மறுநாள் காலனி (புள்ளிபோல் வளர்ந்த கிருமிக் கூட்டம்) தெரிந்தால் என்ன கிருமி என்று பார்த்து, அதைக் கரைத்து முல்லர்-ஹின்டன் என்ற வளர்ப்புக் கூழ் ஊற்றிய தட்டு முழுக்கத் தடவி, மருந்து ஊறிய பொட்டளவு காகித வில்லைகளை வைக்கிறோம். 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம். செய்யாவிட்டால் வில்லையின் விளிம்பு வரை மாவு பூசினாற்போல் வளர்ந்திருக்கும். வட்டத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளக்கிறோம். பெரிய வட்டம்தான் நல்ல மருந்து என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. ஈஎஸ்பிஎல் பார்க்க செஃப்டாசிடிம் ஆன்டிபயாடிக் வில்லை தனியாக ஒன்று, அந்த நொதியைத் தடுக்கும் கிளாவுலனேட் சேர்த்து ஒன்று வைப்போம். சேர்த்ததன் வட்டம் தனியாக வைத்ததை விட 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதானால் ஈஎஸ்பிஎல்தான். இன்னொன்று: ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சாம்பிள் கொடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் பேரைச் சொல்லுங்கள்.

நானும் பெரம்பூர்தான், மெடிக்கல் ஷாப்:
வேளச்சேரிக்காரர் சொன்ன செஃபிக்ஸிம் ஷெட்யூல் எச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் வருகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. 2014 மார்ச்சிலிருந்து டாக்டர் பேர், நோயாளி பேர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்டால் “அண்ணே, தெரிஞ்சவங்கதானே” என்கிறார்கள். நேற்றும் ஒருவர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கே கிடைத்துவிட்டது.