தொட்டுப் பார்க்கும் தொட்டியில் நடந்தது

ஈரமணல்:
கடற்கரையில் கடல் உயிர்களோடு நடந்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள், இது என்னுடையது. கடற்கரைப் பூங்காவில் இருக்கும் இயற்கை மையத்துக்கு எல்லாரும் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள், அதனால் நேராக, கடல் உயிர்களைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும் தொட்டிக்கே வருகிறேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருவர். நட்சத்திர மீன் ஒன்று கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது. அதன் கையைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார், பிய்ந்து வந்தது. தண்ணீருக்கு வெளியே தூக்கிப் படம் எடுத்துவிட்டுப் போட்டார், போய்விட்டார். எங்கள் முறை வந்தபோது, அது ஒட்டியிருந்த இடத்தில் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள். "அப்பா, அதோட காலா இது?" என்றாள் மகள். காலேதான். குழாய்க் கால்கள். உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கித்தான் அது நகரும், இரையைப் பிடிக்கும். திரும்ப வளர்ந்துவிடும் என்று ஊழியர் சமாதானம் சொன்னார். மகள் அதன்பிறகு எதையும் தொடவில்லை. என்னைக் கேட்டால் இந்தத் தொட்டிகளே வேண்டாம்.

நண்டுப்பொறி:
ஒருவர் பிய்த்தார் என்பதற்காகத் தொட்டியையே மூடச் சொல்வது சரியில்லை. என் பையனுக்குக் கடல் அட்டை என்றாலே அருவருப்பு. அங்கே தொட்டுப் பார்த்த பிறகுதான் பயம் போனது. பக்கத்தில் ஓர் ஊழியர் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. சாயங்காலம் மணல்மேட்டுச் செடிகளுக்கு அடியில் ஒரு துறவி நண்டு. முதுகில் சங்கு இல்லை, நீல நிற பாட்டில் மூடி. அந்த மென்மையான வயிற்றில் பாதி வெளியே தெரிகிறது, ஆள் நிழல் பட்டதும் மூடிக்குள் ஒடுங்கப் பார்க்கிறது, முடியவில்லை. நிமிர்ந்தால் என் தங்கை பை நிறையச் சங்கு பொறுக்கிக்கொண்டு வருகிறாள். அந்த நண்டு தானாகச் சங்கு செய்துகொள்ளாது, கடல் நத்தை செத்து விட்டுப்போனதில்தான் குடியேற வேண்டும். தங்கையிடம் சொன்னேன். "எல்லாரும்தானே எடுக்கிறாங்க" என்றாள்.

மூன்றாம் அலை:
என் கதை சின்னது. பாறைக்குட்டையில் பையன் ஒரு கல்லைப் புரட்டினான். அடியில் மஞ்சள் மஞ்சளாக முட்டைகள். புரட்டிய கல்லைப் பழையபடி வைக்காவிட்டால் வெயிலில் எல்லாம் காய்ந்துபோகும். வைத்துவிட்டோம்.

ஆனால் இங்கே யாருமே முக்கியமானதைச் சொல்லவில்லையே! போகும் முன் ஓத அட்டவணையை, அதாவது கடல் தண்ணீர் ஏறும், வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஏறக்குறைய 6 மணி நேரம். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்று பார்த்த நேரத்தை நம்பி இன்று போகாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக உள்வாங்கும், குட்டைகள் நிறையத் தெரியும். அதே நாள்களில் ஏற்றமும் அதிகம். முழு வற்றுக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கிவிட்டால், தண்ணீர் திரும்புவதற்குள் ஏறிவிடலாம். பாசிப் பாறையில் வெறுங்கால் ஆகாது. கடலுக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். வெயில் கிரீம் பூசிய கையைத் தொட்டியில் விடும் முன் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம் குளிக்கும்போது நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். கரை ஒதுங்கிய ஜெல்லி மீன் செத்திருந்தாலும் கொட்டும். இன்னும் இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

உப்புக்காற்று:
அனுபவம் கேட்டால் வகுப்பு எடுக்கிறார்கள். சரி.

எங்களுக்குக் குதிரைலாட நண்டு. மல்லாந்து கிடந்தது, கால்கள் எல்லாம் காற்றில் துழாவுகின்றன. வாலில் விஷம் என்று யாரோ கிளப்பிவிட, சுற்றிப் பெரிய கூட்டம், கிட்டே போக ஆளில்லை. காலையிலிருந்து கால்வலி என்று பெஞ்சைவிட்டு அசையாத என் மாமியார் எழுந்து வந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, ஓட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துப் புரட்டிவிட்டார். "அது கொட்டுற வால் இல்ல, கவுந்தா ஊன்றி எழுந்துக்கிற வால்" என்று சொல்லிவிட்டு மறுபடி பெஞ்சுக்கே போய்விட்டார். உண்மைதான், பிறகு தேடிப் பார்த்தேன். இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால் சிரிக்கிறார், இன்றுவரை பதில் இல்லை.

மூன்றாம் அலை:
வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கழன்று காயமாகும் என்பதையும் சேர்த்திருக்கலாம். உங்கள் மாமியார் சரியாகத்தான் செய்திருக்கிறார்.