தொட்டியில் ஒரு குடம் தண்ணீர்

குழு: பாட்டி வீடு

அம்மா, காலை 9:10
ரகு, மீன் தொட்டித் தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி கறுத்துவிட்டது. சாயங்காலம் கொலுவுக்கு ஆட்கள் வருவார்கள். ஒரு குடம் மொண்டு கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீர் ஒரு குடம் ஊற்றினேன். இன்னும் இரண்டு குடம் மாற்றினால் தெளிந்துவிடும்.

ரகு, 9:11
அம்மா, போதும். இனி ஒரு டம்ளர்கூட ஊற்றாதே.
நிலா, கீழே போய் டிடிஎஸ் மீட்டரை வைத்து, தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்.

நிலா, 9:18
225 மாமா. எப்போதும் 70தானே இருக்கும்?

ரகு, 9:19
நம் போர் தண்ணீர் 900. அதனால்தான். முதலில் விளக்கை அணை. இன்று தீனி வேண்டாம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றனவா?

நிலா, 9:21
இல்லை. எல்லாம் கட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. செவுள் வேகமாக அடிக்கிறது.

அம்மா, 9:22
நாம் குளிக்கிற தண்ணீர்தானே அது?

ரகு, 9:27
உன் மேல் தப்பில்லை அம்மா. கிளம்பும்போது நான் சொல்லியிருக்க வேண்டும்.
இவை பண்ணையில் பிறந்த மீன்கள் இல்லை. கார்டினல் டெட்ரா. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில் பிடித்தவை. அந்தப் பெயருக்கே கறுப்பு ஆறு என்றுதான் அர்த்தம். மழைக்காலத்தில் ஆறு காட்டுக்குள் ஏறி மாதக்கணக்கில் நிற்கும். மரத்தடியில் மட்கிய இலையின் சாறெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். அடியில் வெறும் வெள்ளை மணல், சாற்றைப் பிடித்து வைக்காது. அந்தத் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. பிஎச் 4, 5 அளவில் புளிப்பு, அந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிறந்ததிலிருந்து அதில் நீந்திய உடம்பு.

பெரியப்பா, 9:31
ஒரு குடத்துக்கே இவ்வளவு பதற்றமா?

ரகு, 9:36
ஆமாம் பெரியப்பா. மீன் கழிவில் அம்மோனியா வரும். புளிப்புத் தண்ணீரில் அது அம்மோனியமாக மாறி, பெரிய கெடுதல் செய்யாமல் கிடக்கும். அந்தப் புளிப்பில் கழிவைத் தின்னும் பாக்டீரியாவும் மந்தம்தான், அதனால் நிறையவே சேர்ந்திருக்கும். போர் தண்ணீர் விழுந்து பிஎச் ஏறினால் அது திரும்ப அம்மோனியாவாகிச் செவுளைச் சுடும். முதல் முறை வாங்கிய 12 மீனில் 7 மீனை நான்கே நாளில் இழந்தேன். பையைப் பிரித்து நேரே சாதாரணத் தண்ணீரில் விட்டேன். அந்த 7 மீனும் இன்னும் மனதில் இருக்கிறது.

நிலா, 9:37
இப்போது என்ன செய்ய?

ரகு, 9:40
உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீர் கேனை அலமாரி மேல் வை. ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தண்ணீர் வேகமாகச் சொட்டும்படி விடு. மணிக்கு ஒரு லிட்டர் போதும், அதே அளவு மொண்டு எடு. ஒரேயடியாக மாற்றாதே, திரும்பவும் அதிர்ச்சியாகிவிடும். ஊறவைத்த இலைத் தண்ணீர் பாட்டிலில் இருக்கிறது, கேனில் ஒரு டம்ளர் கல.

அம்மா, 9:52
மொட்டைமாடியில் காயவைத்திருக்கிறாயே, அந்த இலையா? குப்பை என்று பெருக்கப் போனேன்.

ரகு, 9:54
நம் தெருவில் இருக்கிற நாட்டு வாதாம் இலைதான் அம்மா. தானாக உதிர்ந்து காய்ந்ததை மட்டும் எடுப்பேன். அமேசான் காட்டுக்கு இது சொந்த மரம் இல்லை, ஆனால் சாறு அதே வேலையைச் செய்கிறது.

அம்மா, 9:58
கடுக்காய் ஊறிய தண்ணீர் நிறம் அப்படியே இருக்கிறது.

பெரியப்பா, 10:05
இருக்காதா பின்னே. கடுக்காய், தான்றி, மருதம், இந்த வாதாம் எல்லாம் டெர்மினேலியா என்ற ஒரே பேரினம். எல்லாவற்றிலும் துவர்ப்பு உண்டு. தோல் பதனிட அந்தக் காலத்தில் கடுக்காய்தான்.
ஆனால் ரகு, ஆற்றில் சுதந்திரமாகத் திரிந்ததைப் பிடித்துவந்து கண்ணாடிக்குள் போடுவது சரியா?

ரகு, 10:20
நானும் வாங்குவதற்கு முன் யோசித்தேன் பெரியப்பா. நீக்ரோ ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்று ஓர் ஊர். அங்கே இந்தச் சின்ன மீன்களைப் பிடிப்பவர்களை பியாபெய்ரோ என்பார்கள். துடுப்புப் படகில் போய்க் கைவலையால் பிடிப்பார்கள். கோடையில் குட்டைகள் வற்றும்போது தானாகவே ஏராளமான மீன்கள் செத்துப்போகும். காடு நின்றால்தான் மீன், மீன் விற்றால்தான் அந்தக் குடும்பங்களுக்குச் சோறு, அதனால் காட்டை அவர்களே காப்பார்கள் என்பது அங்கே 1989 முதல் வேலை செய்யும் புரொஜெக்ட் பியாபா என்ற அமைப்பின் வாதம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. அந்த ஊர்த் திருவிழாவில் இரண்டு அணிகள் மோதும், ஒன்றின் பெயரே கார்டினல். அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததைச் சாகவிட்டால் அதுதான் பாவம்.

பெரியப்பா, 10:24
அப்படியென்றால் சரி. நன்றாகப் பார்த்துக்கொள்.

நிலா, மாலை 6:50
மாமா, 205க்கு இறங்கிவிட்டது. செவுள் பழையபடி நிதானமாகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன், 14 மீனும் இருக்கின்றன. இருட்டில் அந்த நீலக் கோடு மட்டும் தனியாக மின்னுகிறது!

அம்மா, 6:58
கொலு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இங்கேதான் நிற்கிறார்கள். விளக்கைப் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. ராத்திரியும் சொட்டட்டுமா?

ரகு, 6:59
சொட்டட்டும் அம்மா. படுக்கும் முன், ராத்திரி முழுக்கச் சொட்டப்போகிற அளவுக்கு மொண்டுவிடு, தொட்டி வழியக்கூடாது.