சவானாவுல அரை நாள் போதுமா?

சார்லட்வாசி:
லீவுக்கு சார்லட்ல இருந்து ஆர்லாண்டோவுக்கு கார்லயே போறோம், பசங்களுக்கு 6 வயசு, 3 வயசு. ஜார்ஜியா மாநிலத்துல சவானா ஊரு ஐ-95 ஹைவே பக்கத்துலயே இருக்கேன்னு ஒரு நைட் தங்கிட்டு, காலைல ஸ்கொயர்னு சொல்ற சின்னச் சின்ன சதுரப் பூங்கா எல்லாம் சுத்திட்டு, ஆத்தோரம் ரிவர் ஸ்ட்ரீட்ல சாப்ட்டு மதியமே கிளம்பலாம்னு பிளான். ஆபீஸ்ல ஒருத்தர் ரெண்டு நாளாவது வேணும்ங்கறார். போனவங்க சொல்லுங்க.

பழைய_டிரைவர்:
தாராளமா போதும். ஜார்ஜியா காலனிய ஆரம்பிச்ச ஓகிள்தார்ப் 1733ல போட்ட ஊரு, 24 ஸ்கொயர்ல 22 இன்னும் இருக்கு. ஃபோர்சைத் பார்க்ல ஆரம்பிச்சு புல் ஸ்ட்ரீட்லயே ஆத்துப் பக்கமா நடந்தா அஞ்சு ஸ்கொயர் வந்துடும், மொத்தம் ஒரு மைல் தூரம்தான், வழி முழுக்க ஓக் மரத்துல பாசி சடை சடையா தொங்கும், வெயிலே தெரியாது. வண்டிய எல்லிஸ் ஸ்கொயர் அடியில பார்க்கிங்ல போட்டுடுங்க. ரிவர் ஸ்ட்ரீட்ல மட்டும் சின்னவன தூக்கிக்குங்க, அங்க தரைல பதிச்சிருக்கறது கப்பல்ல பாரத்துக்கு ஏத்திட்டு வந்த கல்லு, ஸ்ட்ரோலர் சக்கரம் மாட்டும்.

யாழினி:
போதாது. ஊரு அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்றோம், அதுக்கு யார் உழைச்சாங்கன்னு பாக்காம வந்தா எனக்கு மனசு ஒப்பாது. 1819ல கட்டி முடிச்ச ஓவன்ஸ்-தாமஸ் வீட்டுக்குப் போங்க. அந்தக் காலத்துலயே வீட்டுக்குள்ள குழாய்ல தண்ணி வந்த வீடு. அதே தோட்டத்துக்குப் பின்னாடி அடிமைகளா வச்சிருந்தவங்க படுத்த ரூம் இருக்கு, அங்க நின்னு மேல பாருங்க, கூரைல நீலப் பெயிண்ட் திட்டு திட்டா இன்னும் ஒட்டிட்டிருக்கு, கெட்ட ஆவி அண்டாதுன்னு பூசினது. நான் அந்த இடத்த விட்டு நகரவே ரொம்ப நேரம் ஆச்சு.

சார்லட்வாசி:
நீங்க சொல்றது புரியுதுங்க, ஆனா 6 வயசு பொண்ணுகிட்ட மனுஷன மனுஷன் வித்தான்னு லீவுல வச்சு எப்படிச் சொல்றது? வருஷத்துல ஒரு தடவைதான் நாலு பேரும் சேர்ந்து வெளிய போறோம். வளந்தப்புறம் நானே கூட்டிட்டு வந்து காட்டறேன்.

பழைய_டிரைவர்:
யாழினி, ஸ்கொயர்ல நடக்கறதும் வரலாறுதான்மா. ஜார்ஜியாவுல 1735லயே அடிமை முறைய சட்டம் போட்டு தடுத்திருந்தாங்க, ஸ்கொயர் ஸ்கொயரா போட்ட இந்த ஊர் அமைப்பு அந்தக் காலத்துது. அப்புறம் 1954ல பழைய மார்க்கெட்ட இடிச்சு பார்க்கிங் கட்டினதப் பாத்து கொதிச்சு, அடுத்த வருஷமே ஏழு பொம்பளைங்க சேர்ந்து டேவன்போர்ட் வீடுங்கற பழைய வீட்ட இடிக்க விடாம வாங்கினாங்க. அவங்க இல்லன்னா இன்னிக்கு பாக்கறதுக்கே ஒண்ணும் மிஞ்சியிருக்காது.

யாழினி:
அண்ணா, அந்தத் தடைய 1751லயே எடுத்துட்டாங்க, நீங்க போட்டோ எடுக்கற வீடெல்லாம் அதுக்கு அப்புறம் வந்தது. அந்த வீடுங்கள்ல இருக்கற சாம்பல் கலர் செங்கல் ஹெர்மிடேஜ்ங்கற பண்ணைல அடிமைங்க அறுத்தது. ஃபர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் சர்ச்ச அவங்களே பகல் வேலை முடிஞ்சு ராத்திரில கட்டி 1859ல முடிச்சாங்க, கீழ தரைல வைர வடிவத்துல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அடிமைத்தனத்துல இருந்து தப்பிச்சு வந்து அடியில ஒளிஞ்சிருந்தவங்க மூச்சு விடறதுக்குன்னு சர்ச்ல சொல்றாங்க. அதே 1859 மார்ச்லதான் ஊருக்கு வெளிய ரேஸ் மைதானத்துல 436 பேர ரெண்டு நாள் ஏலம் விட்டாங்க, குடும்பம் குடும்பமா பிரிஞ்சு போனாங்க. இத விட்டுட்டு சவானா பாத்தேன்னு எப்படிச் சொல்றது?

மேக்கன்_மீனா:
ஏழு வயசுப் பையனோட போயிருந்தோம். ரிவர் ஸ்ட்ரீட்லயே அப்பா, அம்மா, ரெண்டு குழந்தைன்னு வெண்கலச் சிலை இருக்கு, காலடியில அறுந்த சங்கிலி. ஏம்மா சங்கிலின்னு அவனே கேட்டான். இவங்கள கட்டி வச்சு வேலை வாங்கினாங்க, அப்புறம் விடுதலை ஆனாங்கன்னு ரெண்டு வரில சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தச் சங்கிலியத் தொட்டுப் பாத்துட்டே நின்னான். பயந்துடல.

சார்லட்வாசி:
சரி, சிலை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். அந்த ரூமுக்கு இந்தத் தடவை வேணாம், அதுல நான் மாறல. சர்ச்சுக்கு நான் மட்டும் போயிட்டு வந்தா அதுவரைக்கும் பசங்க விளையாட பக்கத்துல இடம் இருக்கா?

பழைய_டிரைவர்:
சர்ச் வாசல்லயே ஃபிராங்க்ளின் ஸ்கொயர், புல்தரை. எல்லிஸ் ஸ்கொயர்ல இருந்து, இப்ப சிட்டி மார்க்கெட்னு சொல்ற கடைத்தெரு வழியா நடந்தே வந்துடலாம். அரை நாள்லயே முடியும்.

யாழினி:
முடியாதுண்ணா, டூர் அவங்க வச்சிருக்கற நேரத்துலதான். சார்லட்வாசி, கிளம்பறதுக்கு முன்னாடி சர்ச்சுக்கு ஃபோன் பண்ணி நேரம் கேட்டுக்குங்க, மதியம் கிளம்பறத சாயங்காலத்துக்குத் தள்ளுங்க.