அசிட்டனிலைடு: வெந்நீரில் எண்ணெயாகத் திரள்கிறது, உருகுநிலையும் குறைகிறது

நீலலிட்மஸ்:
வணக்கம். அனிலினும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் சேர்த்துத் தயாரித்த அசிட்டனிலைடு 5 கிராம் இருக்கு. சுத்தப்படுத்த, சூட்டுல கரைச்சு ஆற வெச்சுப் படிகமாக்கலாம்னு 60 மி.லி. தண்ணீர் விட்டுக் கொதிக்க வெச்சா பீக்கர் அடியில பழுப்பு எண்ணெய் மாதிரி ஒண்ணு உருண்டு நிக்குது. கரையாத அழுக்குன்னு சூடா வடிகட்டினா வடிதாள்லயே இறுகிப் போகுது. வடிகட்டாம ஆற விட்டா பழுப்புக் கட்டிதான் மிச்சம். உருகுநிலை 106–111 டிகிரி செல்சியஸ் வருது, புத்தகத்துல 114. தப்பு எங்கே? அப்புறம், உருகுநிலை சரியா வந்துட்டா பொருள் சுத்தம்னு எழுதிடலாமா?

படிகம்:
அந்த எண்ணெயைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். அது அழுக்கு அல்ல, உங்கள் அசிட்டனிலைடேதான். உலர்ந்த நிலையில் 114 டிகிரியில் உருகும் பொருள், தண்ணீரை உள்ளிழுத்துக்கொண்டால் 83 டிகிரி அளவிலேயே உருகித் திரவமாக நிற்கும். 100 மி.லி. கொதிநீரில் கரைவது சுமார் 5.5 கிராம். உங்கள் 60 மி.லி.யில் 3.3 கிராமுக்கு மேல் இடமில்லை, மீதிதான் அடியில் உருள்கிறது. நிறப்பொருள்களும் தண்ணீரைவிட அந்த எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். அதனால்தான் கட்டி பழுப்பு.

மொத்தம் 110 மி.லி. வரும்வரை கொதிநீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். கணக்குப்படி 91 போதும். ஆனால் விளிம்பில் நிறுத்தினால் ஆறும்போது 83 டிகிரிக்கு மேலேயே மறுபடி எண்ணெய் பிரியும். கடைசித் துளி எண்ணெய் மறைந்த பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் நிறத்தை உறிஞ்ச 0.1 கிராம் கரித்தூள் போடுங்கள். கொதிக்கும்போது போட்டால் பொங்கி வழிந்துவிடும். அதிகம் போட்டால் கரி பொருளையும் பிடித்துக்கொள்ளும். மறுபடி ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

வடிகட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. காம்பில்லாத புனல், மடிப்பு வடிதாள் இரண்டும் வேண்டும். கீழே வைக்கும் பீக்கரில் 5 மி.லி. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அந்த ஆவியிலேயே புனலைச் சூடாக்குங்கள். தாளில் படிகம் கட்டினால் கொஞ்சம் கொதிநீர் விட்டால் இறங்கிவிடும். இங்கே உறிஞ்சு பம்பு கூடாது; அழுத்தம் குறைந்தால் கரைசல் கொதித்து, குளிர்ந்து, புனலிலேயே படிந்துவிடும்.

பிறகு மூடி வைத்து அசைக்காமல் ஆறவிடுங்கள். மினுமினுக்கும் வெள்ளைத் தகடுகள் வரும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பனிக்கட்டி. புக்னரில் (பம்பால் உறிஞ்சி வடிக்கும் புனல்) வடித்து, 5 மி.லி. பனிநீரில் இரண்டு முறை கழுவினால் போதும். அறை வெப்பத்திலும் 100 மி.லி.க்கு அரை கிராம் கரைந்தே இருக்கும், ஆகவே 4.4 கிராம் கிடைத்தாலே நல்ல விளைச்சல்.

நுண்புழாய்:
இவர் சொன்னதோட ஒண்ணு: காய வைக்காம உருகுநிலை பாக்காதீங்க. ஈரம் இருந்தாலே நாலஞ்சு டிகிரி இறங்கும். வடிதாள் நடுவுல அழுத்தி, டெசிக்கேட்டர்ல (ஈரத்த உறிஞ்சற மூடிய பாத்திரம்) ராத்திரி முழுக்க வைங்க. தூளாக்கி, கேபிலரியில (மெல்லிய கண்ணாடிக் குழாய்) 2–3 மி.மீ. உயரம் தட்டி இறுக்குங்க. 100 வரைக்கும் வேகமா ஏத்தலாம், அதுக்கு மேல நிமிஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு டிகிரிதான். முதல்ல தூள் சுருங்கும், அது உருகல் இல்ல. முதல் திரவத்துளி தெரியறது தொடக்கம், கடைசிப் படிகம் மறையறது முடிவு. ரெண்டையும் எழுதுங்க. தெர்மாமீட்டர் மேல சந்தேகம்னா சுத்தமான பென்சாயிக் அமிலத்த வெச்சுப் பாருங்க, 122 காட்டணும்.

நீலலிட்மஸ்:
ரொம்ப நன்றி. 113.5–114.5 வந்தா முடிஞ்சுதா?

படிகம்:
கிட்டத்தட்ட. ஆனால் அதே எண் வேறு பொருளுக்கும் இருக்கலாம். யூரியாவும் சின்னமிக் அமிலமும் இரண்டுமே 133 டிகிரி வாக்கில் உருகும். கலந்தால் வெகு கீழே இறங்கிவிடும். ஆகவே உங்கள் தூளைத் தெரிந்த அசிட்டனிலைடோடு சம அளவில் அரைத்து, கலப்பு உருகுநிலை பாருங்கள். இறங்காவிட்டால் அதே பொருள்.

எஞ்சிய அனிலினுக்குத் தனிச் சோதனை உண்டு. சிட்டிகைத் தூளைக் குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குலுக்கி வடித்து, வடிந்த நீரைப் பனிக்கட்டியில் வைத்து, சோடியம் நைட்ரைட் சில துளி விட்டு, காரத்தில் கரைத்த 2-நாப்தாலில் ஊற்றுங்கள். செஞ்சாயம் வந்தால் அனிலின் இருக்கிறது. அமிலத்தைச் சூடாக்காதீர்கள்; அசிட்டனிலைடே உடைந்து அனிலினாகி, சுத்தமான பொருளும் சிவந்துவிடும்.

நுண்புழாய்:
டிஎல்சி (தகட்டுல கரைப்பான் ஏற விட்டுக் கலவையைப் பிரிச்சுப் பாக்கற முறை) போடறதா இருந்தா சிலிக்கா தகடு, கரைப்பானா ஹெக்சேனும் எத்தில் அசிட்டேட்டும் சமமா, புள்ளிகளப் பாக்க 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. அனிலின் மேலே ஓடும். ஒரே இடத்துல அஞ்சாறு தடவ தொட்டு ஒரு அடர்புள்ளியும் பக்கத்துல வைங்க, கொஞ்சமா இருக்கற கலப்பு அதுலதான் தெரியும். சோடியம் அசிட்டேட் மாதிரி உப்பு இருந்தா தகட்டுல தெரியாது. அதுக்கு கரண்டி நுனியில கொஞ்சம் வெச்சு முழுசா எரிச்சுப் பாருங்க, வெள்ளைச் சாம்பல் மிஞ்சக் கூடாது.